மேல் பல்லும் மாசிலாமணியின் கண்ணும்

பல் பிடுங்குகிறவனிடம் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. சிரிக்க முடிந்தால் என்னிடம் ஏன் வரப்போகிறார்கள்? ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன மருந்துச்சாலையில் நான் கம்பவுண்டர். மிக்சர் கலக்குவதோடு நிம்மதியாக இருந்தேன். டாக்டரம்மா எனக்குப் பல் பிடுங்கவும் கற்றுக்கொடுத்தார். அதிலிருந்து தெருவில் என்னைக் கண்டாலே பாதிப்பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். வாய்க்குள் முப்பத்திரண்டு தொல்லைகளை வைத்துக்கொண்டு திரியும் உங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

கடை சேர்ந்தது

டாக்டரம்மா மெட்ராசிலிருந்து பிளாஸ்டரில் செய்த வாய் ஒன்றை வரவழைத்தார். காத்திருக்கும் கூட்டத்துக்கு அதைக் காட்டிப் பாடம் எடுப்பது என் தலையில் விழுந்தது. முன்னால் மேலே நாலு, கீழே நாலு வெட்டுப்பல், கடிக்க. அதை ஒட்டி மூலைக்கு ஒன்றாகக் கோரைப்பல், கிழிக்க. பின்னால் இருப்பதெல்லாம் கடைவாய்ப் பற்கள், அரைக்க. தின்ன மட்டுமல்ல, பேசவும் பல் வேண்டும், முன்பல் இல்லாதவரை 'வேலூர்' என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள் என்றேன். கூட்டம் மொத்தமும் வேலூர், வேலூர் என்று சொல்லிப் பார்த்தது. ரயிலே வந்துவிட்டதோ என்று டாக்டரம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

திமிரியிலிருந்து வந்திருந்த மாட்டுத் தரகர் முனுசாமிக்கு மட்டும் திருப்தியில்லை. மாட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது, கீழ்ப்பல்லை எண்ணித்தான் வயசு சொல்வோம் என்றார். எல்லாப் பல்லும் முளைத்து முடிந்த மாட்டைக் கடை சேர்ந்தது என்பார்களாம். அதற்கு மேல் அது கிழடுதான். சொல்லிக்கொண்டே என் கீழுதட்டைப் பிடித்து இழுத்து, நான் தடுப்பதற்குள் எண்ணியும் முடித்துவிட்டார்.

"கடை சேர்ந்துபோச்சு. இனிமே உங்களுக்கு வெல ஏறாது சார்."

சுண்ணாம்பு வைத்தியம்

தோல் ஷெட்டின் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் சின்னராசு ஒருநாள் வாயைத் திறந்தபடியே வந்தான். ஈறு முழுக்க வெந்து வெள்ளையாகக் கிடந்தது. பல்லில் பூச்சி என்று நினைத்து, குழியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பை எடுத்துச் சொத்தைக்குள் அடைத்திருக்கிறான். சுண்ணாம்பில் ஊறினால் தோலில் இருக்கும் மயிரெல்லாம் கழன்றுவிடுகிறதே, பூச்சி மட்டும் கழலாதா என்பது அவன் கணக்கு. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் கேட்ட கேள்வியில் தப்பில்லை என்றும் தோன்றியது.

கழுவி மருந்து போட்டபின் விளக்கினேன். "பல்லுக்கு மேலே இருக்கிறது எனாமல். உடம்பிலேயே அதுதான் கெட்டி, ஆனால் அதற்கு உணர்ச்சி கிடையாது. அதற்கு உள்ளே எலும்பு மாதிரி ஒரு அடுக்கு. நடுவில் கூழாக இருப்பதுதான் பல்லின் உயிர். ரத்தமும் நரம்பும் அங்கேதான் ஓடுகின்றன. உன் சுண்ணாம்பு பூச்சியைத் தேடிப் போகவில்லை, நரம்பைத் தொட்டுவிட்டது." சின்னராசு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தான்.

"அப்ப இது தோலு இல்ல சார். மாடே உள்ள உசுரோட நிக்குது."

கஞ்சி எங்கிருந்து வரும்?

இனி மாசிலாமணி மேஸ்திரி. அவர் ஷெட்டில் தோல் தரம் பிரிப்பவர். லண்டனுக்குக் கப்பலேறும் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உண்ணி கடித்த தழும்பு, கத்திக் கீறல், ஊசிமுனை ஓட்டை எல்லாம் பார்த்து ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், ரிஜக்ட் என்று ஒதுக்குவார். அவர் ரிஜக்ட் என்று சொன்ன தோலை முதலாளியே மறுபடி எடுத்துப் பார்க்கமாட்டார்.

அவர் மனைவி எஸ்தர் அவரை இழுத்துக்கொண்டு வந்தபோது இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. மேல் கடைவாய்ப்பல் அழுகிச் சீழ் கட்டியிருந்தது. பிடுங்க வேண்டும் என்றதும் மேஸ்திரி எழுந்துவிட்டார். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் தாய்ப்பாலோடு ஊட்டுகிற நம்பிக்கை. கண்ணுக்கு நரம்பு வேறு, பல்லுக்கு வேறு என்று எவ்வளவோ சொன்னேன். அவர் தோளில் கிடந்த ஆட்டுத்தோலை விரித்து, "இதுல ஓட்ட எங்க கீது, சொல்லு பாப்பம்" என்றார். நான் மூக்கால் முகர்கிற அளவுக்குக் குனிந்து தேடியும் அகப்படவில்லை. அவர் வீங்காத கண்ணால் ஒரு பார்வை பார்த்து, சரியாக அதில் விரலை வைத்தார்.

"பல்லு போனா கஞ்சி குடிப்பேன் சார். கண்ணு போனா கஞ்சி எங்கர்ந்து வரும்?"

ஒரு பக்க முறுக்கு

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இன்னும் சில நாள் விட்டால் சீழ் எங்கே பரவுமோ என்று டாக்டரம்மாவே பயந்தார். நான் போய்க் கெஞ்சி மறுபடி அழைத்து வந்தேன். "உனக்கு எத்தினி மேல் பல்லு எடுத்துக்கீது?" என்று கேட்டார் மேஸ்திரி. ஒன்றும் இல்லை என்றேன். "பாத்தியா, ஊருக்குத்தான் உபதேசம்" என்று சிரிக்கப் பார்த்து, வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான் முறுக்கு மெல்வதையே எஸ்தர் பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பவுண்டர் சாரு முறுக்க ஒரு பக்கமாவே மெல்றாரே, இன்னாத்துக்கு?" உங்களிடம் மறைப்பானேன்? என் வலது மேல் கடைவாய்ப்பல் இரண்டு வருஷமாகச் சொத்தை. ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கிய எனக்கு என் பல்லைக் காட்ட நடுக்கம். டாக்டரம்மா என் தாடையைப் பிடித்துத் திறந்து பார்த்தார். அப்புறம் குறடை எடுத்தார்.

"நாற்காலியில் உட்காருங்க, கம்பவுண்டர்."

பரீட்சை

மரத்துப்போக ஊசி போட்டும் நான் போட்ட சத்தம் பஜார் வரை கேட்டதாம். பல் வந்தது. வாயில் பஞ்சோடு எழுந்து, கண்ணை அகல விரித்து, எல்லாம் தெரிகிறது என்று சைகை காட்டினேன். மேஸ்திரி நம்புகிற ஆளா? வேறொரு தோலை விரித்தார். ஓட்டை எங்கே?

தேடினேன். வெளிச்சத்தில் பிடித்தேன், புரட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. மேஸ்திரி முகம் வெளிறிவிட்டது. "போச்சு! கம்பவுண்டருக்குக் கண்ணு போச்சு!" என்று செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினார். எல்லாம் பாழாயிற்று என்று நான் இடிந்துபோனேன். எஸ்தர்தான் குறுக்கே நின்று மறித்தார்.

"அன்னிக்கும் தெர்ல, இன்னிக்கும் தெர்ல. அவரு கண்ணு அப்டியேதான் கீது, நீ போய் உக்காரு!"

ரிஜக்ட்

அவர் உட்கார்ந்தார். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். எஸ்தர் அவர் கையை விடவில்லை. டாக்டரம்மா அவருக்கும் ஊசி போட்டுவிட்டுக் குறடை என் கையில் கொடுத்தார்; மேஸ்திரி உங்களைத்தான் நம்பி உட்கார்ந்திருக்கிறார் என்றார். மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர், அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். மெல்ல அசைத்து அசைத்து எடுத்தேன். முழுசாக வந்தது. சீழும் கூடவே வடிந்தது.

ஆனால் மேஸ்திரி கண்ணைத் திறக்கவில்லை. திறந்து பார்த்து இருட்டாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் எஸ்தர் அதட்டியதும் ஒன்றைத் திறந்தார், பிறகு வீங்கியதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். என் கையிலிருந்த பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்தி, பல்லை வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"சொத்த இருக்கட்டும், வேராண்ட இன்னொரு ஊசி ஓட்ட கீது பாரு, ரிஜக்ட்!"

எனக்குத் தெரியவில்லை, டாக்டரம்மா லென்ஸை வைத்துப் பார்த்து, இருக்கிறது என்றார். அன்றிலிருந்து மேல் பல்லைப் பிடுங்கினால் கண் இன்னும் கூர்மையாகிவிடும் என்று ஆம்பூர் முழுக்கப் பேச்சு கிளம்பி, பார்வை மங்கியவர்களெல்லாம் நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லி என் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.