இறுதியாரின் இரண்டு பக்கங்கள்

அவருக்கு 'இறுதியார்' என்று பெயர் வைத்தது பக்கத்து மேசையில் வரைபடம் போடும் பெண். அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிளான்களைக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்தி வைப்பது அவர் வேலை. ஒரு பிளான் முடிந்ததும் 'இறுதி' என்று பெயர் போட்டு வைப்பார். வீடு கட்டுகிறவர் மனம் மாறுவார். உடனே 'இறுதி புதியது'. அவருடைய மனைவி மனம் மாறுவார், 'உண்மையான இறுதி'. பிறகு இருவரும் சேர்ந்து மாறுவார்கள். 'இனி மாற்றமே இல்லை இறுதி'. அதற்குப் பிறகும் மூன்று நான்கு வந்து சேரும். வெளியாள் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் எந்த வீட்டின் எந்த இறுதி எங்கே கிடக்கிறது என்று கேட்டால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் எடுத்துத் திரையில் போட்டுவிடுவார்.

அவர் அறை இரண்டாம் மாடியின் கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆளுயரத்துக்குப் பிளான் அச்சடிக்கும் இயந்திரம் ஒன்று பாதி அறையை அடைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சூடாக மூச்சு விடும். மீதிப் பாதியில் ஒரு இரும்பு அலமாரி, இரண்டு மேசைகள், வரைபடம் போடும் பெண், இவர். யாரும் இவரைத் தொந்தரவு செய்ததில்லை. தொந்தரவு செய்யும் அளவுக்கு முக்கியமான ஆள் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதே காரணம்.

அலுவலகத்தின் முதலாளி ஓர் ஆர்கிடெக்ட் அம்மாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் தன் மாப்பிள்ளையை நிர்வாகம் பார்க்க அழைத்து வந்தார். மாப்பிள்ளை நிர்வாகம் படித்தவர். படித்தது வீணாகிவிடக் கூடாது என்ற அக்கறை உள்ளவர். முதல் வருடம் நாற்காலிகளைச் சீர்திருத்தினார். எல்லோருக்கும் இடுப்பு வலி வந்தது. இரண்டாம் வருடம் கூட்டங்களைச் சீர்திருத்தினார். வாரத்துக்கு ஒன்றாக இருந்தது நான்காயிற்று. மூன்றாம் வருடம் கட்டடத்தில் சீர்திருத்த வேறெதுவும் மிச்சமில்லாமல் போகவே, மாடியேறி இறுதியாரிடம் வந்து சேர்ந்தார்.

ஃபைல்களை இறுதியார் கையாளும் விதத்தைப் பின்னால் நின்று பத்து நிமிடம் பார்த்தார். திரையில் ஒரு ஜன்னலைத் திறப்பது, ஃபைலைப் பிடிப்பது, இன்னொரு ஜன்னலைத் திறப்பது, அதில் கொண்டுபோய் விடுவது. மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. உலகம் எங்கேயோ போய்விட்டது என்று வருத்தத்தோடு தெரிவித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒரு புது மென்பொருளை ஏற்றினார். திரை நடுவே ஒரு கோடு விழுந்தது. இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் ஒரு பட்டியல். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சு அசலாக இருந்தன. கீழே வரிசையாகச் சில பொத்தான்கள். ஐந்தாம் எண் விசை நகல் எடுக்கும், ஆறாம் எண் விசை இடம் மாற்றும், எட்டாம் எண் விசை அழித்துவிடும் என்றார் மாப்பிள்ளை. விரல் மூன்று விசை தள்ளி விழுந்தால் நகலுக்கும் அழிவுக்கும் வித்தியாசம் இல்லை என்பதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை, வேகம் என்று சொன்னார். மவுஸையே தொட வேண்டாம் என்றார். அப்புறம் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

இறுதியார் தனியாக அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் ஒரு ஃபைல் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினார். பழைய ஏற்பாட்டில் அப்படிச் செய்தால் என்ன வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் விழும். இங்கே ஃபைலின் பெயர் சிவப்பாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து அடுத்ததை அழுத்தினார், அதுவும் சிவந்தது. பெயரை அடித்துத் தேடலாம் என்று எழுத்துகளைத் தட்டினார். அவை எல்லாம் திரையின் அடியில் இருந்த ஏதோ ஒரு வரியில் போய் விழுந்தன. நுழைவு விசையைத் தட்டியதும், 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று கறாராகப் பதில் வந்தது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு இயந்திரம் அவரைப் பார்த்து இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதல் வாரம் அவர் செய்த வேலையைவிடத் தேடிய வேலைதான் அதிகம். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத்தான் எதுவும் போகும் என்பது அவர் தானாகவே செய்துகொண்ட முடிவு. எழுதுவதே இடமிருந்து வலம்தானே. ஆனால் அந்த மென்பொருளுக்கு அப்படி ஒரு கொள்கை இல்லை. கர்சர் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும். கர்சர் எங்கே நிற்கிறது என்று இவர் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

விளைவு வியாழக்கிழமை தெரிந்தது. நகரத்தில் ஒரு பல் டாக்டர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். தரைத்தளத்தின் பிளானைப் பார்க்க நேரில் வந்திருந்தார். ஆர்கிடெக்ட் அம்மாள் கீழ்மாடியில் பெரிய திரை முன்னால் டாக்டரை உட்காரவைத்து, 'பல் டாக்டர்' ஃபோல்டரைத் திறந்து, 'தரைத்தளம் இறுதி' என்ற ஃபைலைப் போட்டார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நீளமான ஒரு தாழ்வாரம், அதன் இருபுறமும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள்.

"மேடம், வீட்ல நாங்க நாலே பேருதான்," என்றார் டாக்டர் பணிவாக. "பதினெட்டு டாய்லெட் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியல?"

அது ஒரு பள்ளிக்கூடத்தின் தரைத்தளம். ஆர்கிடெக்ட் அம்மாள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இது ஒரு மாற்று யோசனைதான், கட்டாயமில்லை என்று சொல்லி, டாக்டருக்குக் காபி வரவழைத்து, பிளானை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவைப்பதாக வழியனுப்பிவிட்டு, இறுதியாரைக் கீழே கூப்பிட்டார். நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்தின் ஃபைல்களை வேறெங்கோ நகல் எடுப்பதாக நினைத்து இறுதியார் அவற்றை டாக்டரின் ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கிறார். அங்கேயும் இதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கவே, 'மேலெழுதவா?' என்று மென்பொருள் கேட்டிருக்கிறது. இவர் 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று பதில் சொல்லியிருக்கிறார். டாக்டர் வீட்டுத் தரைத்தளம் போயே போய்விட்டது.

மாப்பிள்ளையும் அங்கே இருந்தார். மனிதத் தவறு என்று அவர் சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கருணை இருந்தது.

இறுதியார் மாடியேறினார். காது மடல்கள் சூடாக இருந்தன. வரைபடம் போடும் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, திரையில மேல இருக்கிற பட்டை எந்தப் பக்கம் பளிச்சுனு இருக்குனு மட்டும் பாருங்க. பளிச்சுனு இருக்கிறது கொடுக்கிற பக்கம். மங்கலா இருக்கிறது வாங்கிக்கிற பக்கம். அவ்வளவுதான்."

மாப்பிள்ளை முக்கால் மணி நேரம் பேசியதில் இது இல்லை. டாக்டர் வீட்டுப் பிளானின் பிரதி ஒன்று தன் கம்ப்யூட்டரில் இருக்கலாம், ஆனால் பழைய அளவுகளோடு இருக்கும் என்றும் சொன்னாள். சரியான பிரதி, அலமாரி மேல் கம்ப்யூட்டரோடு மாட்டியபடியே கிடக்கும் பேக்கப் டிஸ்கில் கட்டாயம் இருக்க வேண்டும். இறுதியார் அதைத் திறந்தார். இடப்பக்கம் அலுவலகத்து டிஸ்க், வலப்பக்கம் பேக்கப். வலப்பக்கத்தில் 'பல் டாக்டர்' இல்லை.

தப்பான பக்கத்தைப் பார்க்கிறோமோ என்று பட்டையைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லை. போன வருடம் கட்டி முடித்த மருத்துவமனையும் இல்லை. இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டளை ஒன்று இருப்பதாக அந்தப் பெண் காட்டினாள். அழுத்தியதும் இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை சிவந்துபோயிற்று. சிவப்பு என்றால் குறித்து வைத்தது, இப்போது வலப்பக்கத்தில் இல்லாததெல்லாம் சிவப்பு என்றாள். கடைசியாக அந்த டிஸ்கில் ஏறியிருந்த ஃபைலின் தேதி இரண்டு வருடம் எட்டு மாதத்துக்கு முந்தையது.

அந்தத் தேதி இறுதியாருக்கு நன்றாக நினைவிருந்தது. அதுவரை சனிக்கிழமைதோறும் அவரே உட்கார்ந்து, ஃபோல்டர் ஃபோல்டராகப் பிடித்து இழுத்து, அந்த டிஸ்கில் போட்டு வந்தார். மாப்பிள்ளை வந்த நான்காம் மாதம், இது மனுஷன் செய்கிற வேலையா என்று கேட்டு, டிஸ்குக்கு ஒரு புதுப் பெயர் வைத்து, தானே நடக்கும்படி ஏதோ ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

இறுதியார் மாப்பிள்ளையின் அறைக்குப் போனார். விஷயத்தைச் சொன்னார்.

"அது ஆட்டோமேட்டிக் அண்ணே. யாரும் பாக்க வேண்டியதே இல்ல," என்றார் மாப்பிள்ளை.

"அதான் சார். யாருமே பாக்கல."

மாப்பிள்ளை தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடித் திறந்தார். வாரம் ஒரு வரி வீதம் ஒரு நீண்ட குறிப்பு வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் எதிரே 'வெற்றி' என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் 'நகலெடுத்த ஃபைல்கள்: 0' என்றும் எழுதியிருந்தது. ஏற்பாடு பழைய பெயருள்ள டிஸ்கைத் தேடியிருக்கிறது. புதுப் பெயர் வைத்துவிட்டபடியால் கிடைக்கவில்லை. கிடைக்காததை வெற்றி என்று பதிவு செய்திருக்கிறது. நூற்று முப்பத்தொன்பது வெற்றிகள். மாப்பிள்ளை கடைசிவரை உருட்டிப் பார்த்தார். நடுவில் எங்காவது ஒரு தோல்வியாவது தட்டுப்படாதா என்று ஏங்குகிறவர்போல் இருந்தது.

"மேடம்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

இல்லை என்றார் இறுதியார்.

"வேணாம். வீட்ல ஏற்கனவே கொஞ்சம்... நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

இறுதியார் திரும்பி வந்து, டிஸ்கின் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல், பட்டை எந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கிறது என்று மூன்று தடவை பார்த்து, சிவப்பாக இருந்த அத்தனையையும் ஐந்தாம் எண் விசையால் வலப்பக்கத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார். நாற்பத்தோராயிரம் ஃபைல்கள். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் பூராவும் ஓடியது. டாக்டர் வீட்டை வரைபடம் போடும் பெண் பழைய பிரதியை வைத்துத் திருத்திக் கொடுத்தாள். கழிப்பறைகள் மூன்றாகக் குறைந்தன.

அந்த வியாழன் இரவு இறுதியாரின் வீட்டில் அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். பதினெட்டுக் கழிப்பறைக் கதையைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேக்கப் கதை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாளைக்கு டிஸ்க் போச்சுன்னா யார் தலையில விழும்?"

"என் தலையிலதான்."

"அப்ப யாருக்காக வாயக் கட்டிக்கிட்டு இருக்கீங்க?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கோள் சொல்லிப் பழக்கம் இல்லாத மனிதர். இத்தனை வருடத்தில் சொல்ல ஒரு சந்தர்ப்பமும் வாய்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மாப்பிள்ளை எழுந்து நின்றார். அலுவலகத்தின் தகவல் பாதுகாப்பைத் தான் வார இறுதியில் முழுமையாக மறுபரிசீலனை செய்ததாகவும், தான் கொண்டுவந்த புது மென்பொருளின் உதவியால் பேக்கப் இன்று நூறு சதவீதம் சரியாக இருப்பதாகவும் அறிவித்தார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. யாரோ கை தட்டினார்கள். வரைபடம் போடும் பெண் தன் டீக்கோப்பைக்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறுதியாரும் கை தட்டினார். நாற்பத்தோராயிரம் ஃபைல்களை அனுப்பிய கைகள் என்பதால் கொஞ்சம் வலி இருந்தது.

அன்று மாலை ஆர்கிடெக்ட் அம்மாள் மாடியேறி வந்தார். அந்த அறைக்கு அவர் வந்து வருடக்கணக்காயிற்று. அச்சு இயந்திரத்தின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, இங்கே இவ்வளவு சூடா இருக்கா என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். பிறகு இறுதியார் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு நாளா உங்க மெஷின் ஓடிக்கிட்டே இருந்ததாமே. என்ன ஓடுச்சு?"

"பேக்கப்புக்கு நகல் எடுத்தேம்மா."

"எத்தன நாளோடது?"

இறுதியார் தன் விரல்களைப் பார்த்தார். கேட்காத வரைக்கும் சொல்லாமல் இருப்பது ஒன்று. கேட்ட பிறகு மாற்றிச் சொல்வது இன்னொன்று. இரண்டாவது அவரால் ஆகாது.

"ரெண்டு வருஷம் எட்டு மாசம்மா."

ஆர்கிடெக்ட் அம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டார். கணக்கு முடிந்தது முகத்தில் தெரிந்தது. யாரையும் திட்டவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம், என்னதான் செய்வார். சரி என்றார். பழைய ஏற்பாட்டுக்கே போய்விடுகிறீர்களா என்று கேட்டார். இறுதியார் யோசித்துப் பார்த்து, இது இப்போதுதான் கொஞ்சம் கைக்குப் பிடிபடுகிறது, இருக்கட்டும் என்றார். சனிக்கிழமை வேலை மட்டும் மறுபடி தன்னிடம் வந்தால் நல்லது என்றார். அம்மாள் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார்.

புதன்கிழமை மாப்பிள்ளைக்கு ஒரு புதுப் பொறுப்பு கொடுக்கப்பட்டது. கட்டடங்கள் எழும்பும் இடங்களுக்கு நேரில் போய் மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு. அங்கே வெயில், தூசி, செங்கல் எல்லாம் ஏராளம். சீர்திருத்துவதற்கு ஒருவருக்கு ஆயுள் போதாது. முதல் வாரமே மேஸ்திரிகளுக்கு ஒரு கூட்டம் போட்டார் என்றும், இரண்டாம் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை என்றும் செய்தி வந்தது. பேக்கப் டிஸ்க் ஆர்கிடெக்ட் அம்மாளின் சொந்த அலமாரிக்குப் போயிற்று. சாவி இரண்டு, ஒன்று அவரிடம், இன்னொன்று இறுதியாரிடம். மாடி அறைச் சுவரில் ஒரு மின்விசிறியும் வந்தது.

இறுதியார் சனிக்கிழமைகளில் இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து நகல் எடுக்கிறார். ஆனால் 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்ற பொத்தானை அதன்பின் தொட்டதே இல்லை. மென்பொருள் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக 'மேலெழுதவா?' என்று கேட்கிறது. அவர் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு முழுசாகப் படித்து, தேதியைப் படித்து, அளவைப் படித்து, அப்புறம்தான் 'ஆம்' என்கிறார். ஒரு வாரத்துக்குச் சராசரியாக முந்நூறு கேள்விகள் வருகின்றன. வரைபடம் போடும் பெண் சனிக்கிழமைகளில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருகிறாள்.