மூன்று கொட்டேஷன்

போன மாதம் ஜனக்புரியில் அக்கா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யப் போனேன். முதலில் கையில் அகப்பட்டது அந்தக் கோப்புதான். பழுப்பு அட்டை, மூலையில் ஓட்டை போட்டுக் கோத்த பச்சை டேக், மேலே அத்தானின் அச்சடித்தாற்போன்ற எழுத்தில் 'லேண்ட்மாஸ்டர் – பழுதுபார்ப்பு'. கார் கைவிட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கோப்பைத் தூக்கியதும் பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. தூசியைத் தட்டிவிட்டு அதைக் கீழே கொண்டுவந்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். திருநெல்வேலிக்காரர், டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். எனக்கு இங்கே குமாஸ்தா வேலை கிடைத்தபோது மந்திர் மார்க் பக்கம் இருந்த அவர்களுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில்தான் தங்கினேன். தொண்ணூறுகளின் நடுவில் அவருடைய மேலதிகாரி ஒருவர் ஓய்வுபெற்று ஊருக்குக் கிளம்பும்போது, சும்மா கொடுப்பது போன்ற விலைக்கு அந்தக் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த கார். தரைத் தகடு துருப்பிடித்து, காலடியில் ரோடு தெரியும். பிரேக்கை மூன்று முறை மிதித்தால் ஒரு முறை பிடிக்கும். இரண்டு கிலோமீட்டர் ஓடினால் ரேடியேட்டர் கொதிக்கும்.

அத்தான் ஓய்வுபெற நான்கு வருடம் இருந்தது. அக்காவுக்கு அப்போதே முழங்கால் போய்விட்டது. பஸ் படியில் கால் வைக்கும்போது அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க மனசு தாங்காது. "ரிட்டயர் ஆகுறதுக்குள்ள இதுல உன்ன மலைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்" என்று அத்தான் சொன்னார். அதற்குள் கார் ஓடியாக வேண்டும். குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் கராஜும் போய்விடும். ஜனக்புரியில் அவர் வாங்கியிருந்த ஃபிளாட்டோ மூன்றாவது மாடி, கீழே ஒரு ஸ்கூட்டரை நிறுத்தவே சண்டை. ஓடாத காரை அங்கே கொண்டுபோக முடியாது, பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரன் வெட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கரோல் பாக் சந்து ஒன்றிலிருந்து வயதான சர்தார்ஜி மெக்கானிக்கை அழைத்துவந்தேன். அரைமணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "பாபுஜி, ஏக் ஹி ஹாத் மே தோ" என்றார். எல்லா வேலையையும் ஒரே கையில் கொடுங்கள் என்று அர்த்தம். முதலில் இன்ஜின், அப்புறம் பிரேக், அப்புறம் வயரிங், கடைசியில் பெயின்ட், ஆறு மாதம் என்று கணக்காகச் சொன்னார். அவர் கேட்ட தொகை கொஞ்சம் கூடுதல்தான். இரண்டு பெண்களைக் கல்லூரியில் படிக்க வைத்துக்கொண்டிருந்த அத்தானுக்கு அது பெரிது. வேறு யாராக இருந்தாலும் பேரம் பேசிப் படிய வைத்திருப்பார்கள். அத்தான் முப்பது வருடமாகக் கொள்முதல் கோப்பு பார்த்தவர். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு பென்சில்கூட வாங்க ஒப்பமாட்டார். காரைப் பதினோரு வேலைகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் மூன்று பேரிடம் ஒட்டிய கவரில் கொட்டேஷன், யாருடையது குறைவோ அவருக்கே வேலை. கவர்களைச் சுமந்து டெல்லி முழுக்க அலைந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கவர் பிரிப்பார். அதற்கு ஒரு கமிட்டி வேறு. அவர் தலைவர், நானும் அக்காவும் உறுப்பினர்கள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, மூன்று தொகையையும் எழுதி, குறைந்ததை வட்டமிட்டு, எங்களிடம் நீட்டுவார். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கையெழுத்துப் போடுவாள். "காரு ஓடுதோ இல்லியோ, என் கையெழுத்து நல்லா ஓடுது" என்பாள். அத்தான் சிரிக்கமாட்டார். தேதியும் போடச் சொல்வார்.

முதலில் வந்து சேர்ந்தவை பெயின்டுக்கான கவர்கள். ஆகவே முதலில் பெயின்ட் அடித்தாயிற்று. பாலாடை நிறத்தில் கார் பளபளவென்று நின்றது. இரண்டு மாதம் கழித்து இன்ஜின் வேலைக்காரன் வந்து செயினில் கட்டி இன்ஜினை வெளியே தூக்கினான். அது ஊசலாடி, இரண்டு பக்க மட்கார்டையும் தகடு தெரியச் சுரண்டிவிட்டு இறங்கியது. அடுத்து வயரிங்காரன். அவன் இழுத்த வயர் சைலன்சர் குழாயைத் தொட்டு உருகியது. குழாய் கோணலாக மாட்டியிருக்கிறது என்றான் அவன், வயர் தப்பான வழியில் போகிறது என்றான் இன்ஜின்காரன். இருவரையும் சேர்த்து நிற்க வைத்துக் கேட்கவும் முடியவில்லை. ஒருவன் வரும் நாளில் மற்றவன் வரமாட்டான். மூன்றாம் வருட முடிவில் கார் கராஜைவிட்டு ஓர் அடிகூடத் தானாக நகர்ந்திருக்கவில்லை.

என் பொறுமையை உடைத்தது பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர்தான். அந்த மாடலுக்கானது காஷ்மீரி கேட்டில் ஒரே ஒரு கடையில், ஒன்றே ஒன்று இருந்தது. மற்ற எந்தக் கடையிலும் இல்லை. அத்தானுக்கோ மூன்று கவர் வேண்டும். கடைக்காரரிடம் தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பக்கத்துக் கடைகளிலிருந்து இரண்டு பில் புத்தகம் வாங்கி, மூன்று தொகைகளை அவரே எழுதிக் கொடுத்தார், டீயும் வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தது, கவர் பிரிந்தது, அக்கா கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை நான் போனபோது சிலிண்டர் விற்றுப்போயிருந்தது. சனிக்கிழமையே மீரட்டிலிருந்து வந்த யாரோ கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துப் போய்விட்டாராம்.

அன்று வீட்டில் கத்தினேன். "அத்தான், இது கவர்மென்ட் பணம் இல்ல. உங்க பணம்."

"எம் பணம்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்லா டே" என்றார். அவ்வளவு நிதானமாக ஒரு மனிதர் தப்பாகப் பேச முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். அப்புறம் ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

ஓய்வு வந்தது, கராஜின் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளும் வந்தது. காரை விற்கவும் மூன்று கவர் வாங்கினார். இரண்டு கபாடிக்காரர்கள், மூன்றாவது அதே சர்தார்ஜி. அந்தக் கவர்களை அத்தான் பிரித்தபோது நான் ஆபீஸ் வேலையாக லக்னோ போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கார் சர்தார்ஜியிடம் போயிருந்தது. மூன்றில் அவர் தருவதாக எழுதியதுதான் மிகக் குறைந்த விலை என்று பின்னால் தெரிந்தது. விற்கும்போது கூடுதல் விலை தருகிறவருக்குத்தானே கொடுக்க வேண்டும், ஏன் இப்படி என்று கேட்டேன். அத்தான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து நானும் அக்காவும் பூசா ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். முழங்கால் வலியில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே அந்தக் கார் போயிற்று. இப்போது நீல நிறம், பூனை உறுமுவது போல மெல்லிய சத்தம், சர்தார்ஜி ஓட்டிக்கொண்டு போனார். கூட்டத்தில் எங்களை அவர் பார்க்கவில்லை. அக்கா அது திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா ஓடுதே" என்றாள். அப்புறம் பஸ் வந்தது, அவளைப் படியில் ஏற்றிவிட்டேன்.

அத்தான் போய் ஆறு வருடம் ஆகிறது. காரைப் பற்றி அவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. போன மாதம் கோப்பைப் புரட்டியபோதுதான் காரை விற்றதற்கான கடைசித் தாளைப் பார்த்தேன். மற்ற தாள்கள் எல்லாம் ஆங்கிலம். இதில் சர்தார்ஜியின் தொகையை வட்டமிட்டு, கட்டத்துக்குக் கீழே தமிழில் இரண்டு வரி: 'முதல் நாளே இவரிடம் கொடுத்திருக்க வேண்டும். தவறு என்னுடையது.' எனக்கு மனசு இளகவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை ஒரு நாள் அக்காவிடம் வாயால் சொல்லியிருக்கக் கூடாதா?

அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இப்போது மாடிப்படி இறங்குவதே மாதத்துக்கு ஒரு தடவைதான். அந்த வரிகளை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவுக கையெழுத்துப் போட்டிருக்காகளா, பாரு."

பார்த்தேன். தலைவர் என்ற இடம் காலி. உறுப்பினர்கள் என்ற இரண்டு இடமும் காலி.

"இல்லக்கா."

கோப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தனக்கென்று விட்டிருந்த அந்தக் காலி இடத்தை விரலால் தடவினாள்.

"எங்கிட்ட நீட்டியிருந்தா போட்டிருப்பேம்லா" என்றாள்.