எமரால்டுக்கு லாரி வராத கதை

எங்கள் மலையூரான எமரால்டில் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் அக்கா ஒருவர் என்னைப் போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தார்.

"ஏனுங்க தம்பி, மூட்டை கட்டி ரோட்டுல வெச்சுட்டு நிக்கறேன், லாரி இன்னிக்கும் வரலைங்க. இலை சூடேறிச் செவந்து போச்சு. நாளைக்கும் இப்படியானா பேக்டரியில என்ற இலையே வேண்டாம்னுருவாங்க. உங்க ஆப்பைத் தூக்கிக் குப்பையில போடுங்க!"

எப்படிப் போடுவது? எழுதியவனே நான்தான். காலையில் இலை பறிப்பவர்கள் ஆப்பில் பதிவு செய்வார்கள். பதிந்தவர்களின் தோட்டத்துக்கு மட்டும், பட்டியல் வரிசைப்படி, பேக்டரி லாரி போகும். அந்தப் பெயர்களைச் சர்வரிடம் கேட்டு வாங்கி டிரைவரின் போனில் சேர்ப்பது லைப்ரரி என்கிற ஒரு சிறு நிரல். சர்வர் பெயர்களைத் துண்டு துண்டாகத்தான் அனுப்பும். இங்கே வளைவுக்கு வளைவு சிக்னல் போகும். பேச்சு பாதியில் அறுந்தால் மீதியை நாமே ஊகித்து, "சரிங்க" என்று போனை வைத்துவிடுவது எங்கள் மலைப் பழக்கம். என் லைப்ரரியும் அச்சு அசலாக அதையே செய்துகொண்டிருந்தது. முதல் துண்டு வந்ததுமே அதற்கு எல்லாம் சரி. அக்காவின் பெயர் கடைசித் துண்டில்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசிப் பெயர் வந்து சேரும்வரை ஒரு பெயரைக்கூடக் காட்டாதே என்று லைப்ரரியைக் கறாராக மாற்றினேன். "நாளைக்கு லாரி வரலைன்னா என்னையக் கேளுங்கக்கா" என்று அக்காவிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

மறுநாள் காலை டிரைவர் கூப்பிட்டார். "சார், ஒரு பேருமே வரலைங்க. வட்டம் சுத்திட்டே இருக்குது. பேக்டரி கேட்லயே நிக்கறேன்."

அட கடவுளே! நேற்றுவரை அக்காவின் இலை மட்டும்தான் வாடியது. இன்று ஊர் இலை மொத்தமும் ரோட்டோரம்.

பதறிப்போய் மறுபடி உட்கார்ந்தேன். வந்த பெயர்களைக் காட்டு, வராததை விடாமல் திரும்பக் கேள், இன்னும் பாக்கி இருக்கிறதென்று டிரைவருக்குச் சொல் என மாற்றி அனுப்பினேன். டிரைவரைக் கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது. பயந்துகொண்டே அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் லாரி இரைச்சல்.

"உங்களை நம்பினா ஆகாதுன்னு பஸ் ஏறிப் பேக்டரிக்கே வந்துட்டனுங்க தம்பி. இப்ப லாரியில முன் சீட்டுல இருக்கறேன். மொதல்ல என்ற தோட்டம், அப்பறந்தான் மத்தவங்க."

"அக்கா, ஆப்பைச் சரி பண்ணிட்டேன்! இப்ப எல்லாப் பேரும் வரும்!"

"வந்துச்சு, வந்துச்சு. என்ற பேரு கடைசியில இருக்குது. அதான் டிரைவர் போனை வாங்கி அணைச்சு, என்ற இடுப்புல சொருகிட்டனுங்க."