காரைத் தாழ்த்த நினைத்த ஐப்பசி

பொழிச்சலூரில் எங்கள் தெருவுக்குப் புது ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிடுவார்கள். ரோடு வளர வளர வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. எங்கள் போர்டிகோவிலிருந்து தெருவுக்கு ஏற சிமெண்டில் ஒரு சாய்வு கட்டியிருந்தோம். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டுதான் என் கணவர் காரைத் தாழ்த்த ஆசைப்பட்டார்.

கேளம்பாக்கத்தில் அவருடைய ஆபீஸ் பார்க்கிங்கில் ஸ்டைலுக்காகத் தாழ்த்திய யாருடைய காரோ தரையோடு தரையாகப் படுத்திருந்ததாம். பார்த்த நாளிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை. அதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் கிடைக்கும், விலைதான் அதிகம். சக்கரத்துக்கு மேலே காரைத் தாங்கி நிற்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிட்டால் போதும் என்று வீடியோ பார்த்துவிட்டு வந்து சொன்னார். எனக்கு அப்போது எட்டாம் மாதம் முடியப் போகிறது. டாக்டர் சொன்ன தேதி ஐப்பசிக் கடைசியில், மழை கொட்டுகிற நேரத்தில் வந்தது. ஆஸ்பத்திரி தாம்பரத்தில். எங்களிடம் இருந்தது அந்த ஒரு கார்தான்.

"மழை வந்தா எல்லார் மாதிரியும் பல்லாவரம் பாலத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்றார். வெள்ள எச்சரிக்கை வந்தால் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"வலி வந்தா நானும் பாலத்துலயே போய்ப் படுத்துக்கவா?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குக் கொடுத்திருக்கும் பட்டம் அது. பொய்யில்லை. காஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவள்தான் நான். ஆனால் இந்தப் பயம் வேறு. இது வயிற்றிலேயே உட்கார்ந்திருந்தது.

பம்மலில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் அவர் கிளம்பியபோது நானும் ஏறிக்கொண்டேன். மெக்கானிக்காவது வேண்டாம் என்று சொல்வார் என்று நம்பினேன். அவரோ டயருக்குப் பக்கத்தில் குந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "அறுத்துர்லாம் அண்ணா, இன்னா பெரிய வேல?" என்றார். "நெறைய பேருக்குப் பண்ணிக்கினுதான் கீறேன். வண்டி கொஞ்சம் குதிக்கும், அவ்ளோதான். ஆனா ஒண்ணு, அறுத்தா அறுத்ததுதான், அப்பால ஒட்ட முடியாது. ஞாயித்துக்கெழம வுட்டுட்டுப் போங்க."

நம்பி வந்த இடமும் கைவிட்டது. வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் அன்றைக்கு மட்டும் உயரமாகத் தெரிந்தன.

வெள்ளத்தைத் தடுக்க எங்கள் தெருவில் எல்லாரும் வாசலில் மணல் மூட்டை அடுக்கி வைத்திருப்போம். சனிக்கிழமை காலையில் அவற்றைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. "வெட்டினா எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறங்குற மாதிரி மூட்டைய ஏத்துங்க. வண்டி தெருவுக்கு ஏறிட்டா நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றேன்.

டிக்கியிலும் சீட்டுகளிலும் மூட்டைகளைத் திணித்தார். நான் தையல் டேப்பால் டயருக்கு மேலிருந்த இடைவெளியை அளந்துகொண்டே இருந்தேன். கார் அவர் ஆசைப்பட்ட அளவுக்கு இறங்கியது. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

சாய்வில் ஏறி, உச்சியில் விளிம்பைத் தாண்டும்போது கரகரவென்று ஒரு சத்தம். வண்டியின் வயிறு சிமெண்டில் உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்தபடியே வந்து நின்று வேடிக்கை பார்த்தார். ஒவ்வொரு மூட்டையாக இறக்கித்தான் காரை எடுக்க முடிந்தது.

"மணல் வேற, வெட்டுறது வேற. வெட்டின ஸ்பிரிங் இறுக்கமா நிக்கும்" என்றார் என் கணவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. பிறகு, "சரி, குழந்தை பொறக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அந்த 'அப்புறம்' எனக்குப் போதவில்லை. பால் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனவர் கொஞ்சம் தாமதித்தாலும் பம்மலுக்குப் போய்விட்டாரோ என்று போன் போடுவேன். அவர் திரும்பியதும் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவார்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. தெருவிலிருந்த கார்கள் எல்லாம் பாலத்துக்குப் போய்விட, ஆஸ்பத்திரிக்கு வேண்டுமென்று எங்களுடையது மட்டும் நின்றது. மறுநாள் மத்தியானம் எனக்கு வலி எடுத்தபோது போர்டிகோவுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பையைப் பின்சீட்டில் போட்டு, என்னை முன்னால் உட்கார வைத்து, அவர் வண்டியை எடுத்தார்.

மழையில் சாய்வின் விளிம்பு உடைந்து ஒரு துண்டு எழும்பி நின்றிருக்கிறது. தெருவிலிருந்து வழிந்த கலங்கல் தண்ணீரில் அது கண்ணில் படவில்லை. ஏறி முடிக்கிற நேரத்தில் எங்கள் காலுக்குக் கீழே அதே கரகர. வண்டி ஒரு நொடி திணறியது. நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்புறம் உரசிக்கொண்டே தாண்டிவிட்டது.

பம்மல் மெயின் ரோடு வந்ததும் அவர் கேட்டார்.

"பயந்துட்டியா?"

"ஆமா."

"நானும்தான்" என்றார். "வெட்டியிருந்தா..."

"பேசாம ஓட்டுங்க" என்றேன்.

அவருடைய இடது கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. தாம்பரம் போய்ச் சேரும்வரை கியர் மாற்ற மட்டுமே அதை எடுத்தார்.