தேனீ என்று நினைத்துப் படுத்தோம்

சின்ன வயதில் ஒரு படக்கதைப் புத்தகத்தில், ஆளில்லாத குட்டி விமானம் மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்குகிற படத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா கதை வுட்றான்" என்று புத்தகத்தை மூடிவைத்தவள் நான். ஆலங்காயத்தில் மண்ணெண்ணெய் வாங்கவே வரிசையில் கால்கடுக்க நின்ற காலம் அது. மருந்து பறந்து வருமாம்!

அப்புறம் நர்ஸாகி ஜவ்வாது மலைக்கே வேலைக்கு வந்தேன். ஒரு மழைக்காலத்தில் பாதை சரிந்து, ஜமுனாமரத்தூரிலிருந்து ஜீப் கூட வர வழியில்லாமல் போயிற்று. அந்த நேரம் பார்த்து எங்கள் சிற்றூரில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. பிரசவத்தை நானே பார்த்தேன். பெண் குழந்தை, கூரை அதிரும் குரல். தாயும் நலம். ஆனால் தாயின் ரத்த வகை நெகட்டிவ், கணவனுடையது பாசிட்டிவ். மூன்று நாளுக்குள் அவளுக்கு ஓர் ஊசி போட்டாக வேண்டும். தவறினால் இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்து உண்டாகும் குழந்தைக்குத்தான் ஆபத்து. அந்த ஊசி என்னிடம் இல்லை.

இரண்டு நாள் போயிற்று, பாதை திறக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் காலையில், மருந்தை ட்ரோனில் அனுப்பிப் பார்க்கிறோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அதை ஓட்டுகிற பையனும் பேசினான்.

"யாராச்சும் கைய தூக்கணும் சிஸ்டர். அத கேமராவுல பாத்தாதான் பெட்டிய எறக்குவேன். பேட்டரி பத்தாது, ரொம்ப நேரம் நிக்க முடியாதுங்க."

ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். கை தூக்கப்போவது நான். மழை விட்டிருந்தது. பிள்ளை பெற்றவளும் குழந்தையோடு வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

தூரத்தில் 'கொய்ங்' என்று சத்தம் வந்தது. மலைத்தேனீக் கூட்டம் கிளம்பினால் அப்படித்தான் கேட்கும். நின்றால் கொட்டும், ஓடினால் துரத்தும். குப்புறப் படுத்து அசையாமல் கிடக்க வேண்டும். இங்கே நடை பழகிய குழந்தைக்கும் இது தெரியும். சத்தம் கேட்டதுதான் தாமதம், ஊரே தரையில் விழுந்து, குளிருக்குத் தோளில் போட்டிருந்த கம்பளியை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனை நேரம் விளக்கம் சொன்ன நானும்தான் படுத்தேன். மூக்கெல்லாம் சேறு.

கையிலிருந்த போன் அலறியது. "சிஸ்டர்! இன்னா ஆச்சுங்க? எல்லாரும் வுழுந்து கெடக்குறாங்களே! நான் திருப்பிட்றேன்!"

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். சேறுதான் உள்ளே போயிற்று. அதற்குள் அவனே மறுபடி பேசினான். "இருங்க... வூட்டு வாசல்ல யாரோ கை தூக்குறாங்க."

தலையை நிமிர்த்தினேன். பிள்ளை பெற்ற உடம்போடு குப்புறப் படுக்க முடியாதவள் அவள் ஒருத்திதானே! மடியில் குழந்தை, ஒரு கை வானத்தைப் பார்த்து நேராக நின்றது.

"இன்னாத்துக்கு எல்லாரும் படுத்துக்கினு கீறீங்க? அது நம்ம ஊசி!" என்று கத்தினாள்.

பெட்டி கயிற்றில் ஆடியாடி இறங்கியது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்து ஓய்ந்து, கர்த்தரே என்று ஒரு மூச்சு விட்ட பிறகுதான் ஊசியைப் போட முடிந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இப்போதும் மழைக்காலத்தில் ட்ரோன் வரும். ஊரார் இன்னும் குப்புறப் படுக்கிறார்கள், இப்போது வேண்டுமென்றே, சிரிப்பதற்காக. போன மழையில், அன்று பிறந்த அந்த மூத்த பெண்ணும் அவர்களோடு கம்பளிக்குள் கிடந்தாள். நான் கை தூக்கப் போவதற்குள் அதே வாசற்படியில் அவள் அம்மாவின் கை உயர்ந்துவிட்டது.

"ரெண்டு கை தெரியுது சிஸ்டர்," என்றான் போனில் அதே பையன். "இன்னொண்ணு யாரு? சின்னதா கீதே?"

அந்த அம்மாவின் மடியில் இருந்த இரண்டாவது குழந்தை, அவளைப் பார்த்துத் தானும் கையை உயர்த்தியிருந்தது.

"அதுக்குத்தாம்பா அன்னிக்கு நீ ஊசி கொண்ணாந்தே" என்றேன்.