இரண்டு போல்ட்டுக்கு ஒரே நம்பர்

எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஸ்டோர்ஸில் எனக்குப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்னத் தொழிற்சாலை. போல்ட், நட்டு, பட்டை என்று பஸ் லாரிகளுக்கு வேண்டிய இரும்புச் சாமான்களைச் செய்து, பஸ் கட்டும் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன் என்பதற்காக என்னை அதன் முன்னால் உட்காரவைத்தார்கள்.

கண்ணாடி அறை, ஏ.சி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அந்தக் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது, விசாரணைக்குக் கூப்பிடப்பட்டவன் போல இருக்கும்.

ஸ்டோர்ஸில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர், ஒரு பெயர், எந்த அலமாரி, எவ்வளவு இருப்பு என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இருப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் புதிதாகச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு எதைச் செய்வது, எதை அனுப்புவது என்பதை அந்தப் பட்டியலே முடிவு செய்யும்.

எங்களிடம் விரல் நீளத்தில் ஒரு போல்ட் இருந்தது. அதில் இரண்டு வகை. அளவும் ஒன்று, மேலே வெள்ளிபோல மின்னும் பூச்சும் ஒன்று. ஒரு வகையை உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்தியிருப்போம். அது பஸ்ஸின் பிரேக்கைப் பூட்ட. மற்றது காய்ச்சாதது, சீட் பூட்ட. எங்கள் ஆட்கள் ‘வெந்தது’, ‘வேகாதது’ என்று சொல்வார்கள். வேகாத போல்ட்டைப் பிரேக்கில் போட்டால் கொஞ்ச நாள் தாங்கும். பிறகு இழுபட்டு, என்றாவது ஒரு நாள் அறுந்துவிடும்.

கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் வெந்ததில் அரம் வழுக்கும், வேகாததில் கடிக்கும். ஒவ்வொன்றாக அரம் போட யாருக்கு நேரம்? அதனால் வெந்தது கிழக்கு அலமாரி, வேகாதது மேற்கு அலமாரி. அட்டையிலும் ‘போல்ட் கிழக்கு’, ‘போல்ட் மேற்கு’ என்றுதான் எழுதியிருந்தோம். எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதிவைப்பார்கள்?

மாம்பலத்திலிருந்து வந்திருந்த சாஃப்ட்வேர்காரர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். “கிழக்கு மேற்கெல்லாம் பேரா சார்? சைஸைப் போடுங்க.”

முதலாவதற்குச் சைஸைப் போட்டேன். இரண்டாவதற்கும் அதையே போட்டபோது கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தியது. இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்றது.

“டூப்ளிகேட். ரெண்டு ஸ்டாக்கையும் கூட்டி ஒண்ணாப் போட்டுடுங்க.”

“இல்ல சார், அது வந்து...”

அவருக்கு மூன்று மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். அடுத்த அட்டையை எடுத்துவிட்டார். நான் கூட்டிப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து மேனேஜர் நீளமான பிரிண்ட் தாளோடு ஸ்டோர்ஸுக்குள் வந்தார். “ஒரே ஐட்டத்துக்கு எதுக்குய்யா ரெண்டு ரேக்? ஒண்ணைக் காலி பண்ணுங்க.”

“சார், அது வேகாதது...” என்றேன்.

“எது வேகல? கேன்டீன் சோறா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது. என் கண் முன்னாலேயே மேற்கு டிரேக்களைக் கொண்டுவந்து கிழக்கில் கவிழ்த்தார்கள்.

பேக்கிங்கில் இருந்த அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். “இன்னா சார், ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக்கினு கீறானுங்க, நீ பார்த்துக்கினு நிக்கிற? வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

“நாளைக்குப் பேசறேன்க்கா.”

“நாளைக்கா? நாளைக்கு லோடு போவுது சார்.”

மறுநாள் போயும் விட்டது. பிரேக்குக்கான ஆர்டர், ஆறு பெட்டி. நான் அன்று தலைவலி என்று லீவு சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை அலமாரியில் மிச்சம் இருந்ததிலிருந்து பத்து போல்ட்டை எடுத்து அரம் போட்டேன். ஆறில் வழுக்கியது. நான்கில் கடித்தது. உள்ளங்கையில் மினுமினுப்பாகத் தூள் உதிர்ந்தது. அதைத் தட்டிவிடாமல் அப்படியே மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார். “ஸ்டாக் டேலி ஆகுதுல்ல? சும்மா கிளப்பிவிடாதீங்க.”

சாப்பாட்டு நேரத்தில் சாலையோர எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். முன்பின் தெரியாதவரிடம் போனில் பேசியதே இல்லை. பஸ் கட்டும் கம்பெனியின் ஸ்டோர்கீப்பர் எடுத்தார். எழுதிவைத்திருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து வாசித்தேன்.

அவர் போனை வைக்காமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “நாலு பெட்டி இங்கதான் சார் இருக்கு, நிறுத்திடறேன். ரெண்டு பெட்டி சனிக்கிழமையே ஃபிட்டிங்குக்குப் போயிடுச்சு.”

“அதைக் கழற்ற முடியாதா சார்?”

“எதைன்னு கழட்டறது? காலையில டிப்போக்காரங்க வந்து வண்டிங்களை ஓட்டிக்கினு போயிட்டாங்க. எந்த வண்டியில எந்தப் பெட்டின்னு நாங்க எழுதறது இல்ல.”

திரும்பிப்போய் அதை அப்படியே மேனேஜரிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். நான்கு பெட்டிகளும் வேனில் திரும்பி வந்தன. இரண்டு பெட்டிகளைப் பற்றி யார் யாரிடம் பேசினார்கள், பேசினார்களா என்பது எனக்குத் தெரியாது.

அன்று மாலை தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். புத்தம் புது பஸ் ஒன்று நின்றிருந்தது. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ஆபீஸ் விட்ட கூட்டம், டியூஷன் பிள்ளைகள், படியில் இரண்டு பேர்.

“சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், ஏறு ஏறு! யோவ், கீழ இன்னா தேடுற? ஏதாவது வுழுந்துடுச்சா?” என்றார் கண்டக்டர்.

நான் குனிந்து முன்சக்கரத்தின் உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டாக இருந்தது. நிமிர்ந்து, ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? கண்டக்டர் இரண்டு தடவை விசில் கொடுத்தார்.