நெஞ்சு மெதுவாக அடித்த நாட்கள்

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பிய பிறகு குளிசை போடுவது எனக்குப் பழகிவிட்டது. பிரஷருக்கு ஒன்று, இரத்தம் கட்டாமல் இருக்க ஒன்று, நெஞ்சு ஓடாமல் நிதானமாக அடிக்க ஒன்று. எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில், வீட்டு வளவுக்குள்ளேயே படகு இஞ்சின் திருத்துகிறேன். அந்த வேலையை விடவில்லை.

மனம் கெட்டது அதற்குப் பிறகுதான். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் சாகவில்லை, எதுவும் தொலையவில்லை. இஞ்சின் ஆணி கழற்றப் போன கை பாதியில் நின்றுவிடும். மாதா கோயில் பூசையில் பாட்டு முடிந்தது தெரியாமல் நிற்பேன். விடியும்போதே அழுகை வரும். ஒருநாள் மனைவி போட என் சேர்ட்டை எடுத்துத் தந்து, மன்னாருக்கு மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேறு மருந்து போடுகிறீர்களா என்று அங்கே கேட்டார்கள். பிரஷருக்குப் போடுகிறேன் என்றேன். மற்றவற்றைச் சொல்லவில்லை; அவற்றின் பெயர் என் வாயில் நுழையாது. நெஞ்சு வேறு, மனம் வேறு என்றும் நினைத்திருந்தேன். காலையில் போட இன்னொரு குளிசை தந்தார்கள்.

சில கிழமைகள் போக அழுகை நின்றது. கூடவே உலகமும் மெதுவாகியது. கரையில் நின்றால் ஓர் அலை உடைந்து, நுரை மணலில் ஊறி மறைந்து, அடுத்தது வர நெடுநேரம் பிடிப்பதுபோல் இருக்கும். தெருவில் கழுதைகள் நிற்கும். நானும் அவற்றோடு நிற்பேன். தலைமன்னார் பஸ் கடலுக்கு அடியில் எங்கோ போவதுபோல் கேட்கும். மதியம் கண்ணை மூடினால் தண்ணீரே இல்லாத வெளியில் ஒரு படகு சத்தமில்லாமல் ஓடும். கண்ணைத் திறந்தாலும் கொஞ்சநேரம் ஓடிக்கொண்டிருக்கும். கால்விரல்கள் குளிர்ந்து கிடந்தன. எனக்கு அது பிடித்திருந்தது. செபத்தில் எல்லோரும் கேட்கிற சமாதானம் இதுதான் போலும் என்று எண்ணினேன்.

மனைவிக்கும் முதலில் சந்தோஷம்தான். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினாள். ஒரு பின்னேரம் பாயில் கிடந்த என் பக்கத்தில் வந்து, நெஞ்சில் காதை வைத்தாள்.

“இஞ்சாருங்கோ, ஒண்டு அடிச்சாப் பிறகு மற்றது வருமோ எண்டு காத்துக்கொண்டு கிடக்கிறன்.”

வயது போனால் அப்படித்தான் என்றேன். டொக்டரிடம் போவோம் என்றாள். கிளினிக் நாள் வரட்டும் என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

அடுத்த நாள் காலை, திருத்திய இஞ்சின் ஒன்றை ஓட்டிப் பார்க்கத் தண்ணீர்ப் பீப்பாவில் பூட்டி, ஸ்டார்ட் பண்ணக் கயிற்றை இழுத்தேன். பனைமரங்கள் மெல்லச் சாய்ந்தன. மணல் கன்னத்தில் சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் என்னை ஓட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்த பெண் டொக்டர், நான் போடுகிற குளிசை எல்லாவற்றையும் காட்டச் சொன்னார். மனைவி வீட்டிலிருந்த அத்தனையையும் ஒரு பையில் அள்ளி வந்திருந்தாள். டொக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். மனதுக்குப் போடும் குளிசை, நெஞ்சுக் குளிசையை உடம்பு கழித்துவிடாமல் தடுக்கிறதாம். அந்த நெஞ்சுக் குளிசை உள்ளே சேர்ந்து சேர்ந்து நெஞ்சை அளவுக்கு மீறி மெதுவாக்கிவிட்டதாம்.

“ரெண்டும் நல்ல மருந்துதான் ஐயா. மனசுக்குப் போடுறதை நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ. நெஞ்சுக்குரியதை நாங்கள் மாத்தித் தாறம்.”

அந்த அமைதியும் போய்விடுமா என்று கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

“மயக்கம் போகும். மனசு உண்மையா ஆறியிருந்தா, அமைதி தங்கும்.”

வார்டில் வைத்துப் பார்த்துத்தான் வீட்டுக்கு விட்டார்கள். சத்தங்கள் மேலே வந்தன, கால்விரல்களில் சூடு ஏறியது. அந்தப் படகு பிறகு வரவில்லை. சில நாட்கள் அதைத் தேடினேன் என்பதும் உண்மை. சில காலைகள் இன்னும் கனமாகத்தான் விடிகின்றன. ஆனால் எழும்பி முகம் கழுவுகிறேன், வேலைக்குக் குந்துகிறேன். நெஞ்சுக்கும் மனதுக்கும் போகிற இரண்டு கிளினிக்கிலும் என்னென்ன குளிசை என்று நான் வாய் திறக்குமுன் மனைவியே சொல்லிவிடுகிறாள்.

போன முறை கிளினிக் முடிந்து வரும்போது பஸ்ஸில் எனக்குப் பசித்தது. அப்படிப் பசித்து எவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்த்தேன். வழியில் இறங்கிப் பாலப்பம் வாங்கினோம். கடை வாசலிலேயே நின்று, ஓரத்து மொறுமொறுப்பைப் பிய்த்துத் தின்னத் தொடங்கினேன். தனக்கும் ஒன்று மிச்சம் வைக்கச் சொல்லிக் கையை நீட்டினாள் மனைவி.